ஆத்தா பேசிய அலைவரிசை

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டால் எந்தக் கருவியையும் இயக்கிவிடலாம் என்று நம்புகிறவள் நான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். காய்கறி வாங்கப் போனாலும் பட்டியல் எழுதி, வாங்கியதை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வருவேன். இப்படிப்பட்ட என்னால்தான் அம்மா பிறந்த வீட்டுக் குலசாமி கோயிலில் ஒரு தெய்வம் கூடுதலாகிவிட்டது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முன்பின் தெரியாதவர்களோடு ரேடியோவில் பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமமும் அழைப்புக்குறியும் வந்ததும், இருப்பதிலேயே மலிவான வாக்கிடாக்கி ஒன்றை வாங்கினேன். பாளையம்பட்டி வீட்டு மொட்டைமாடியில் நின்று இரண்டு வாரம் அழைத்தேன். பதிலே இல்லை. (பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட அக்கா மட்டும், "யாரு கூடம்மா சண்டை?" என்று கேட்டார்.) வெட்டவெளியும் கொஞ்சம் உயரமும் கிடைத்தால் யாராவது சிக்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தக் குலசாமி கோயிலில் சாமி கும்பிடு வந்தது. கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் கண்மாய்க் கரை இருக்கிறது. பொங்கல் பானையோடு வாக்கிடாக்கியும் பஸ் ஏறியது.

அந்த வருடம் எல்லோருக்கும் ஒரே கவலை, சேகர் மாமா. அம்மாவின் தம்பி. அருப்புக்கோட்டையில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் குரலை உயர்த்தினாலே அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். அதுவரை கருப்பனுக்கு ஆடிவந்த பெரியவருக்கு மூட்டு போய்விட்டதால், இனி சாமி மாமா மேல்தான் இறங்க வேண்டும். உச்சிப்பூசைக்குள் இறங்காவிட்டால் ஆடும் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளிகள் முன்வரிசையில் வந்து நின்றுகொண்டு அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவைக் காணவில்லை. குளித்துவிட்டுத் தனியாக எங்கேயோ உட்கார்ந்திருப்பார், அதுதான் வழக்கம் என்றார்கள்.

நான் நழுவிக் கரைமேல் ஏறினேன்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பூசைக்காக மைக்செட்டில் பாட்டை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் நின்றபிறகுதான் சுற்றிலும் சீமைக்கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. ஒரு காக்கைகூட இல்லை. என் நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது.

அலைவரிசைகளைத் தேடவிட்டேன். திரையில் எண்கள் ஓடின. திடீரென்று நின்றன.

முதலில் மூச்சு கேட்டது. ஆழமான, கரகரத்த மூச்சு. பிறகு சலங்கை ஒருமுறை குலுங்கியது. பிறகு ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாத ஒரு குரல்:

"வந்துரு."

என் அமெச்சூர் வாழ்க்கையின் முதல் தொடர்பு. விதிப்படி குறிப்பேட்டை எடுத்து எழுதினேன். நேரம்: பதினொன்று ஐம்பது. நிலையம்: தெரியவில்லை. சமிக்ஞை: மிக வலுவானது. செய்தி: வந்துரு.

அழைப்புக்குறியைச் சொல்லி, பெயரும் இடமும் கேட்டேன். நான் பேசியதே அதன் காதில் விழாததுபோல் அது முனகியது.

"ஒத்தையில விட்டுறாத. வந்துரு. என்னால தாங்க முடியல."

சாத்தியங்களைப் பட்டியலிட்டேன். ஒன்று, வேறு அமெச்சூர். அவர் இப்படிக் கெஞ்ச மாட்டார். இரண்டு, முள்காட்டுக்குள் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள். மூன்றாவதை நான் எழுதவில்லை. உச்சிவேளையில் அந்தக் கரையில் நின்றவர்கள் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இரண்டையே தேர்ந்தெடுத்தேன். கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், சமிக்ஞை தேய்கிறபோது அது வருகிற திசை நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சுற்றினேன். முதுகுக்குப் பின்னால், மரங்களுக்கு மேலே, கோயிலின் சிமென்ட் குதிரையின் தலை மட்டும் தெரிந்தது. மூச்சு என் கைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கரையைவிட்டு இறங்கி முள்ளுக்குள் நடந்தேன். கோயிலில் உருமி மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அது மூச்சுவிட நின்ற இடைவெளியில் பொத்தானை அழுத்தி, பயிற்சி பெற்ற நிதானத்தோடு சொன்னேன்.

"பயப்படாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். இந்தா வந்துட்டேன். யாரும் அசையாதீங்க."

என் குரல் வானத்திலிருந்து திரும்பி வந்தது. என்னைவிடப் பத்து மடங்கு பெரிதாக, கட்டையாக, பனைமர உயரத்திலிருந்து. இந்தா வந்துட்டேன். யாரும் அசையாதீங்க.

உருமிச் சத்தம் நின்றது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை. (ஊரே அசையாமல் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். பங்காளி ஒருவர் தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லையாம்.)

அடுத்த நொடி எனக்குப் பத்தடி முன்னாலிருந்த புதரைப் பிளந்துகொண்டு சேகர் மாமா வெளியே வந்தார். காலில் சலங்கை, மார்பில் சந்தனம். கச்சையில் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று செருகியிருந்தது. கண்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. கடையில் பில் போடும் மாமா இல்லை அது. பெண் குரலில், "ஆத்தா வந்துட்டேன்டா" என்று கத்திக்கொண்டு கோயிலைப் பார்த்து ஓடினார். அவர் என்னை உரசிப்போன இடத்தில் என் கை சில்லிட்டிருந்தது. அந்த வெயிலில்.

பின்னாலேயே போனேன். ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து வந்த மைக்செட் பாண்டி அண்ணன் என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"ஏத்தா, அது நீதானா?"

"உங்க மைக்கா அது?"

"கார்ட்லெஸ்சு. போன வருசம் குறி சொன்னது பின்னால கேக்கலைன்னாக. அதான் உங்க மாமா இடுப்புல கட்டிவிட்டேன். மேளம் ஆரம்பிக்கவும் இப்பத்தான் சத்தத்தை ஏத்துனேன். ஏத்துறேன், நீ வாற."

அவருடைய மலிவு மைக்கும் என் மலிவு ரேடியோவும் ஒரே அலைவரிசையில் வந்து உட்கார்ந்திருந்தன. சாமியை இறங்கச் சொல்லி மாமா புதருக்குள் தனியாகக் கெஞ்சியதுதான் எனக்குக் கேட்டது. மைக்செட்டோடு இருந்த ரிசீவர், வலுவாக வருவதை யாருடையது என்று கேட்காமல் வெளியே விட்டிருக்கிறது.

"சொல்லிரலாமாண்ணே?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். மாமா சுழன்று ஆடிக்கொண்டிருந்தார். பங்காளிகள் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

"பேட்டரியைக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டு, போய்ப் பொங்கலைக் கிண்டு."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அரை கிலோமீட்டர் யோசித்துவிட்டு, "யாரு வாய் வழியா வரணும்னு ஆத்தாளுக்குத் தெரியும். நீ வாயை மூடிக்கிட்டு வா" என்றாள்.

கருப்பனுக்குப் பக்கத்தில் பெயரில்லாத ஓர் ஆத்தாளுக்கும் இப்போது கல் நட்டிருக்கிறார்கள். வருடா வருடம் சேலை சாத்துகிறார்கள். போன கும்பிடு முடிந்து மாமா எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டபோது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"மாமா, அன்னைக்குப் பேசுனது நான்தான்."

"தெரியும்த்தா. தூக்கி வளத்த பிள்ளை குரல் தெரியாதா?"

"பெறகு எப்படி ஆடுனீங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும். உள்ள வந்தவளுக்குத் தெரியணும்ல."

காரில் இருந்த வீட்டார் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பஸ்ஸைவிட்டு இறங்கி, வந்துட்டேன் என்று வீட்டுக்குப் போன் செய்தால், எடுப்பது யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதுதான்: "நாங்க அசையலாமா?"