பைக்கி அண்ணை எடுத்த கலியாண வீடியோ

சிட்னியிலேயே மிகப் பயங்கரமான பைக்கி யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: எங்கள் ஹோம்புஷ் ஃப்ளாட்டில் இருந்த பைக்கி அண்ணைதான். பைக்கி என்றால் இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் கும்பல்காரன். அண்ணையிடம் மோட்டார் சைக்கிள் இல்லை. ஓட்டவும் தெரியாது. ஜனவரி வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரயிலில் வேலைக்குப் போவார். முதுகில் மண்டையோடு, கையில் இடியப்பம் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி.

எல்லாம் அந்தப் படங்களால் வந்த வினை. தாடிக்காரர்கள் கூட்டமாக பைக்கில் வருவார்கள், பெட்ரோல் ஷெட்டில் அடிபடுவார்கள், பொலிஸ் துரத்தும், கடைசியில் தலைவன் செத்துப்போவான். இதையே வேறு வேறு பெயரில் எடுத்து வீடியோக் கடையின் பின்மூலையில் தூசி பிடிக்க வைத்திருப்பார்கள். சனிக்கிழமைகளில் அண்ணை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். தமிழ்ப் படம் பார்ப்போமா என்று நாங்கள் வாயைத் திறந்தால் போச்சு.

“இதிலை அப்பிடி என்ன அண்ணை கிடக்கு?” என்று ஒருநாள் வெறுத்துப்போய்க் கேட்டேன்.

“ஒருத்தன் விழுந்தா முழுக் கூட்டமும் திரும்பி வரும், பாத்தனியே? எங்கடை சனம் வருமோ?”

வயிறு நோகச் சிரித்தோம்.

இப்பேர்ப்பட்ட மேதை வார இறுதிகளில் கலியாண வீடியோ எடுப்பவர் என்பதுதான் கொடுமை. கமெராவைத் தரையில் வைத்து ஐயரை வில்லன் மாதிரி எடுப்பார். கிரவீன் பக்கம் இருந்த ஒரு அன்ரி, தன் மகளின் கலியாண வீடியோவைப் பார்த்துவிட்டு, “தாலி கட்டினதைக் காணேல்லை, கார்ச் சில்லைத்தான் காட்டுறான்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவரிடம்தான் கீழ் ஃப்ளாட் சுபா வந்து நின்றாள். அடுத்த வாரம் அவளுக்குக் கலியாணம். அம்மாவும் அப்பாவும் கொழும்பு லொட்ஜில், அவர்களுக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெண்டில் ஹில்லில் பாதிச் சனம் சொந்தம். இவளுக்கு இங்கே ஈ காக்கை கிடையாது.

“பிள்ளை தனிச்சு நிக்கப்போறாள் எண்டு அப்பா சாப்பிடுறேல்லையாம் அண்ணை. வீடியோவிலை என்ரை பக்கம் வெறுமையாக் கிடந்தா அவர் தாங்கமாட்டார்.”

அண்ணை ஜாக்கெட் சிப்பை மேலே இழுத்தார். “உந்தப் படங்களிலை நாப்பது பைக் வருமெல்லே? படம் எடுக்கிறவங்களிட்டை இருக்கிறது நாலுதான். சுத்திச் சுத்தி ஓட விடுறது. நீ போ பிள்ளை, நான் பாக்கிறன்.”

கலியாணத்தன்று ஃப்ளாட் பொடியன்கள் எல்லோரும் வேட்டி கட்டி, தட்டம் ஏந்தி, பெண் வீட்டாராக மண்டபத்துக்குள் நுழைந்தோம். பின்கதவால் வெளியேறி, கார் நிறுத்துமிடத்தில் சட்டை மாற்றி, மறுபடி முன்கதவால் வந்தோம். பிறகு கோட். பிறகு கறுப்புக் கண்ணாடி. எனக்கு ஒட்டிய மீசை வாழைப்பழத் தட்டத்தில் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பைத்தியங்கள் என்றே முடிவுகட்டிவிட்டார்கள்.

“முகூர்த்தம் போகுது!” என்று ஐயர் கத்தினார்.

“பெரியப்பாமார் இன்னும் வரேல்லை, பொறுங்கோ ஐயா!” என்று தரையில் படுத்திருந்த அண்ணை திருப்பிக் கத்தினார்.

தாலி கட்டும் காட்சி மட்டும் வீடியோவில் கிடந்து ஆடும். மண்டையோட்டு மனுசன் கமெராவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.

கசெட் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் தாயிடமிருந்து போன் வந்தது. சுபா ஓடி வந்து சொன்னாள்: “அப்பா லொட்ஜ் ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டு, ‘பாருங்கோ, என்ரை பிள்ளைக்கு எவ்வளவு சனம்’ எண்டு காட்டினவராம். அண்டைக்கு வயிறாரச் சாப்பிட்டவராம். அம்மா மட்டும் சொன்னா, ‘அந்த உயரப் பொடியன் திரும்பத் திரும்ப வாறான். அப்பாட்டைச் சொல்லிப்போடாதை. அந்தப் பொடியள் நல்லா இருக்கவேணும்.’”

அண்ணை என்மேல் பாய்ந்தார். “உன்னைக் குனிஞ்சு வா எண்டு சொன்னனான் எல்லே!”

அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த படங்கள் அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் குப்பை. இன்றைக்கும் அந்த மனுசன் கூப்பிட்டால், போய்ப் பக்கத்தில் குந்திக்கொள்வேன்.