சும்மா உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம்

அருமை மருமகனுக்கு, மாமா ஆத்திரத்துடன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உன் தயவில்லாமலேயே சுகம். நீயும் சுகமாய்த்தான் இருக்கிறாய் என்பதை நேற்று கண்ணால் பார்த்தேன். அதனால்தான் வயிறு எரிகிறது.

எப்பேர்ப்பட்ட வேலையடா நீ விட்டது! சந்தா கட்டிச் சேர்ந்தவன் விலக நினைத்தால், விலகும் பொத்தான் அவன் கண்ணில் படாமல் கம்ப்யூட்டரில் ஒளித்துவைக்கிற வேலை. மூளைக்காரன் செய்கிற காரியம். நானே அந்த உடற்பயிற்சிச் சந்தாவில் மாட்டிக்கொண்டு இன்னும் வெளியே வரமுடியாமல் இருக்கிறேன். "என் மருமகன் பூட்டின பூட்டு, ராணுவமே வந்தாலும் தெறக்காது" என்று தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். அதை உதறிவிட்டு, மனிதர்களுக்கு உபயோகமாய் ஏதாவது செய்யவேண்டும் என்று பாதிச் சம்பளத்துக்கு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருக்கிறாயே, ஏன், முழுச் சம்பளம் வாங்கின நீ மனிதன் இல்லையா? உன் பழைய மேனேஜரிடம் நான் பேசி, என் பேச்சில் அவர் கண்கலங்கி, திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

அதைச் சொல்லி உன்னைக் காதைப் பிடித்து இழுத்துப்போகத்தான் வந்தேன். நீ என்ன செய்தாய்? "வாங்க மாமா, உக்காருங்க. அத்தைக்குக் கண் டாக்டரப் பாக்க, நான் செஞ்ச இதுல நேரம் வாங்குங்க பாப்போம்" என்று ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தாய். எட்டாம் வகுப்பை நான் விட்டேனே தவிர, அறிவு என்னை விடவில்லை. ராக்கெட்டைக் கொடுத்தாலும் ஓட்டுவேன். ஆனால் அந்தத் திரை, எங்கே தொட்டாலும் பிரசவ வார்டுக்குப் போய், எனக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்கிறது! "எதைடா அமுக்கணும்?" என்றால், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். "சொல்லித் தரக்கூடாது மாமா. நீங்க எங்க திணறுறீங்கன்னு பாக்கறதுதான் என் வேலை" என்கிறாய். கட்டிய பெண்டாட்டி காலமெல்லாம் சம்பளமில்லாமல் செய்கிற வேலையடா அது!

பின்னால் வரிசையில் கையில் கட்டோடு நின்ற ஒருத்தன், "பெரியவரே, சுகப்பிரசவம் ஆகட்டும்" என்றான். ஆஸ்பத்திரியே சிரித்தது. அப்போதாவது எழுந்து அவனுக்கு ஒன்று கொடுத்தாயா? "தப்பு உங்க மேல இல்ல மாமா, என் மேலதான். மாத்திடறேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்கிறாய்! நம் வம்சத்தில் எந்த ஆம்பிளையாவது இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறானா? உன் தாத்தா கிணற்றைத் தப்பான இடத்தில் தோண்டியபோதுகூடத் தண்ணீரைத்தான் திட்டினார்.

ஆகவே திங்கட்கிழமை பழைய கம்பெனி நாற்காலியில் நீ இல்லையென்றால், என் வாசலை மிதிக்காதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல். நோய்நொடியில்லாமல், முழுச் சம்பளத்தோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கோபம் தணியாத தாய்மாமன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள், நீ ராத்திரியோடு ராத்திரியாய் மாற்றி அனுப்பிவைத்த திரையை உன் அத்தை கைப்பேசியில் திறந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தானே நேரம் வாங்கிவிட்டாள். வாங்கிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி என்னிடம் காட்டிக்கொண்டே இருக்கிறாள். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அந்தத் திரையைத் தயாராய் வை. நம் தெருவில் எதைப் பார்த்தாலும் திணறுகிற ஆட்களாகப் பொறுக்கியெடுத்து அழைத்துவருகிறேன். உன் மேனேஜர் இப்போதுதான் போன் செய்தார். பையன் எனக்குக் கீழே வேலை பார்க்கிறான், அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.