டான்சில் டாக்டரும் செசிலி அக்காவின் ராசாவும்

மதுரையில் மனிதர்களின் முகத்தைவிடப் பன்றிகளின் தொண்டையை அதிகம் பார்த்தவர் ஒருத்தர்தான். கால்நடை டாக்டர். விளாங்குடி மேன்ஷனில் எனக்குப் பக்கத்து அறை. பெயர் ஏதோ இருந்தது; எங்களுக்கு அவர் டான்சில் டாக்டர். தொண்ணூறுகளின் கடைசியில் அவரோடு டீ குடிக்கப் போவதற்கே தனி தைரியம் வேண்டும்.

“மாப்ள, பன்னியோட டான்சில்ல ஒரு கிருமி இருக்கு. சாதுவாக் கெடக்கும். என்னைக்காவது ரத்தத்துல எறங்குச்சு, மூளையைச் சுத்தியிருக்க சவ்வுக்கே போயிரும்!” என்பார். நம் கையில் பஜ்ஜி இருக்கும்.

“வெள்ளை அணு புடிச்சுத் திங்காதா?” என்று ஒருநாள், மேன்ஷன் ஆட்கள் நாலு பேர் அவரோடு டீக்கடையில் நின்றபோது, கேட்டுத் தொலைத்தேன். உடனே டீக்கடைச் சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

“நான்தேன் கிருமி. அதுக்கும் இப்பிடி ஒரு போர்வை இருக்கு. நீங்க நாலு பேரும் வெள்ளை அணு. எங்க, புடிங்க பாப்பம்!”

பாய்ந்தோம். சாக்கு வழுக்கியது, ஆள் சிக்கவில்லை. வெறி பிடித்துத் துரத்தியதில் பிஸ்கட் பாட்டில் இரண்டு உடைந்தன.

“பாத்தீங்களாடா? உடைச்சது கிருமியா? நீங்கதாண்டா! மூளைக்காய்ச்சல்லயும் இதேதான். காப்பாத்த வந்தவன் கோவத்துலதான் மூளை வீங்குது” என்றார் பெருமையாக. மறுநாள் முதல் எங்கள் ஐந்து பேருக்கும் அங்கே டீ கிடையாது.

இந்த மனுஷனைத்தான் ஆனையூர் செசிலி அக்கா தேடி வந்தார். தனியாள். தாய்ப்பன்றி செத்ததும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஒரே குட்டி, ராசா. காலையிலிருந்து ஒருக்களித்து விழுந்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, காற்றில் சைக்கிள் ஓட்டுகிறதாம்.

“அதுவும் போயிருச்சுன்னா நான் யாருகிட்ட டாக்டர் பேசுவேன்?” என்று அழுதார்.

மொபெட்டில் பறந்தோம். டாக்டர் இரண்டு ஊசி போட்டார். “ஒண்ணு கிருமியைக் கொல்ல. இன்னொண்ணு வெள்ளை அணுவோட கோவத்தத் தணிக்க. அது தணியிற வரைக்கும் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகவே ஆகாது.”

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் கொட்டுமேளம். எதிர்வீட்டில் பெண் பெரியவளான சடங்கு; தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார். குட்டி வெட்டி வெட்டி இழுத்தது.

மதுரையில் தாய்மாமன் சீரை மறித்தவன் முழுசாகத் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. டாக்டர் நடுத்தெருவில் கும்பிட்டு நின்றார். “அண்ணே, ஒரு புள்ள சீரியஸா இருக்கு. கொஞ்சம் மேளம் வேணாம்ணே.”

“யாரு புள்ள?” என்றார் மாமன், மீசையைத் தடவியபடி.

ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. “பன்னிக்குட்டிண்ணே” என்றார் டாக்டர். நான் மொபெட்டை ஸ்டார்ட் செய்தேன்.

அவரோ டான்சிலில் ஆரம்பித்து, போர்வை, ரத்தம், சவ்வு என்று அம்புட்டையும் சொல்லி முடித்தார். மாமன் யோசித்தார்.

“அப்ப, நம்ம ஆளுக கோவத்துலயே நம்ம அழிஞ்சு போவோமாக்கும்?”

“ஆமாண்ணே.”

“எங்க குடும்பமும் அப்பிடித்தேன் அழிஞ்சுச்சு” என்றவர், திரும்பி அதட்டினார்: “ஏய், மேளத்தை நிறுத்துங்கடா!” அன்றைக்குச் சீர் முழுவதும் பூனை நடை நடந்து வீடு போய்ச் சேர்ந்தது. சடங்கு வீட்டு ஸ்பீக்கரையும் அவரே அணைக்கச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் டாக்டர் அந்த இருட்டுக் கொட்டிலிலேயே இருந்தார். சத்தம் ஆகாதே! வாய் ஓயாத மனுஷன், எங்களிடம்கூடக் கைச்சாடைதான். மூன்றாம் நாள் ராசா தலையைத் தூக்கி, தள்ளாடி எழுந்து, செசிலி அக்காவின் உள்ளங்கையிலிருந்த கஞ்சியை நக்கியது. அக்கா அதைக் கட்டிக்கொண்டு தேம்பினார். நாங்கள் டாக்டரின் விளக்கத்துக்குக் காத்திருந்தோம். அவரோ துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நாளைக்கு எனக்கு ஏதாவது ஒன்று ஆனால், இந்த மனுஷன்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன்.