வருகையைக் குறைக்க ஒரு படிவம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நானும் வீட்டில் உள்ளவர்களும் சுகம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் எங்களைவிட ஒரு படி கூடுதலான சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் மகள், அதாவது தங்கள் மருமகள், நேற்றுத் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். எனக்காகப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் தாங்கள் பேசப் போகிறீர்களாம். அவர் தங்களோடு தணிக்கை வேலை பார்த்தவராம். தயவுசெய்து பேச வேண்டாம். பேசினாலும் நம் உறவில் எந்த மாற்றமும் வராது. நான் தங்கள் வீட்டுக்கு வரமாட்டேன், அவ்வளவுதான்.

அவள் தங்களுக்குப் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன். நம் பிள்ளைகளின் கல்யாண வரவேற்பில் தங்கள் நண்பர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினீர்கள். "சம்பந்தி படிச்சவர் இல்ல, ஆனா அனுபவசாலி." அந்த 'ஆனா' மீன் முள் மாதிரி என் தொண்டையில் நின்றுவிட்டது. நாற்பத்தொரு வருடம் மரக்கடையில் கணக்கு எழுதியவன் நான். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை போன புத்தகங்களை வாங்கி நானே படித்துக்கொண்டேன். அறுபத்து மூன்று வயதில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் வணிகமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். "நாம அந்த மதம் இல்லையேப்பா" என்றாள் மகள். "பற்று வரவுக்கு என்னம்மா மதம்?" என்றேன். கையேட்டின் முதல் பக்கத்திலேயே, உண்மை பேசும் வியாபாரிகளை உருவாக்குகிறோம் என்று அச்சடித்திருந்தார்கள். அச்சில் போட்டவர்களைப் பிறகு கேள்வி கேட்கலாம் என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எந்தப் பேராசிரியர் வந்தாலும் பிள்ளைகள் சந்தேகத்தோடுதான் எழுந்தார்கள். எனக்கு 'ஆடிட்டர் தாத்தா' என்று பெயர் வைத்தார்கள். வணிக ஒழுக்கம் என்ற பாடத்தைப் பல்கலைக்கழகத்துப் போதகரே நடத்துகிறார். முதலாளி ஒரு எண்ணை மாற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. எல்லோரும் நான்கு பக்கம் எழுதினார்கள். நான் 'மாற்றமாட்டேன்' என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன். பத்துக்கு இரண்டு மதிப்பெண். "காரணம் எழுதணும் ஐயா" என்றார் போதகர். "காரணம் தேட ஆரம்பிச்சா மாத்திடுவான் சார்" என்றேன். அவர் சிரித்தார். மதிப்பெண்ணை மட்டும் கூட்டவில்லை.

இனி தங்கள் காதுக்கு வந்த விவகாரம். புதன்கிழமைதோறும் அங்கே சிற்றாலயத்தில் ஆராதனை உண்டு. வருடத்துக்கு இருபத்து நான்கு முறையாவது போயிருந்தால்தான் தேர்வு எழுதலாம். போகிறவர்கள் தங்கள் எண்ணைச் சீட்டில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு வருவேன். அங்கே ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அந்த அமைதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. இது கடைசி வருடம். போன வாரம் அறிவிப்புப் பலகையில் என் எண்ணுக்கு நேரே இருபத்து நான்கு என்று போட்டிருந்தது. என் நோட்டில் இருபத்தொன்று. கண் அறுவைச் சிகிச்சைக்காக நான் மூன்று புதன்கிழமை போகவில்லை.

அலுவலகத்துக்குப் போனேன். "என் வருகையில மூணு குறைக்கணும்" என்றேன். அங்கிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சார், கூட்டுறதுக்குத்தான் படிவம் இருக்கு. குறைக்கிறதுக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." கூட்டும் படிவத்தை வாங்கி, 'கூட்ட' என்பதை அடித்துக் 'குறைக்க' என்று எழுதிக் கொடுத்தேன். அது பதிவாளர் வரை போயிற்று. அந்த மூன்று சீட்டையும் போட்டது யார் என்று எழுதிக் கொடுத்தால் குறைப்போம், இல்லையென்றால் இருபத்து நான்கே நிற்கும் என்று பதில் வந்தது.

சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, யார் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் கழுத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கும் என் பெஞ்சுப் பெண். "ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப மூணு வாரமும் உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணோம் தாத்தா. போதகர் உங்க பேரைச் சொன்னார், மொத்தப் பேரும் எழுந்து நின்னோம். நீங்க அங்க இல்லைன்னு எனக்குத் தோணவே இல்ல. சீட்டைப் போட்டுட்டேன்."

"அது பாசம். வருகை இல்ல."

"சரியான பிடிவாதம் தாத்தா உங்களுக்கு!" என்று அழுதுகொண்டே போய்விட்டாள்.

சம்பந்தி, பொய்க் கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால் பயமோ ஆசையோ இருந்தது. இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. முந்நூறு பேர் எனக்காக எழுந்து நின்றிருக்கிறார்கள். நான் கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஆனாலும் இருபத்தொன்று இருபத்தொன்றுதான். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், இல்லாத வருகையை வைத்துத் தேர்வு எழுதவும் மாட்டேன். திங்கட்கிழமை தேர்வு. நான் போகப்போவதில்லை. பட்டம் இல்லாமலே இருந்துவிடுகிறேன். தாங்கள் இனியும் என்னை அந்த 'ஆனா'வோடே அறிமுகப்படுத்தலாம். என் முடிவில் மாற்றமில்லை. யாரும் எனக்காகப் பேசவும் வேண்டாம், உதவவும் வேண்டாம்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளையும் மகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை எழுதி உறையில் போட்டு ஒட்டிய பிறகு போதகர் வீட்டுக்கு வந்தார். "ஆராதனை புதன்கிழமைதான் நடக்கணும்னு விதியில எங்கயும் இல்ல ஐயா. தேடிப் பாத்துட்டேன்" என்றார். அந்த மூன்று சீட்டையும் என் கண்ணெதிரே கிழித்தார். யார் போட்டது என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் காலையில் எனக்காக ஆலயத்தைத் திறந்தார். முதல் இரண்டு நாள் நாங்கள் இருவர் மட்டும். மூன்றாம் நாள் ஹெட்போன் பெண்ணும் வந்தாள். "உனக்குத்தான் எண்ணிக்கை சரியா இருக்கே?" என்றேன். "சும்மா வந்தேன் தாத்தா" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆக, இப்போது என் நோட்டிலும் இருபத்து நான்கு. உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன்.

திங்கட்கிழமை தேர்வு எழுதுகிறேன். அதில் ஒரு சிக்கல். திட்டமிட்ட செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும் பாடத்தை ஐந்து முறை படித்துவிட்டேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. மரக்கடையில் அதற்கு வேலையே வந்ததில்லை. தாங்கள் சனிக்கிழமை காலை வந்து சொல்லித்தர முடியுமா? ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நல்லது. மகள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல வேண்டியதில்லை.