சிற்றாற்றில் நைல்

படித்ததை யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் என்ற அரிப்பு, இருபத்துமூன்று வயதில் எனக்குக் கடுமையாக இருந்தது. (இப்போது கொஞ்சம் தேவலை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகச் சரித்திர வாத்தியாராக இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால், இன்ஸ்பெக்டர் என் பாடம் ஒன்றைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். அவர் ஆனி மாதம் வந்தார். (குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர்களுக்கு எங்கள் பிள்ளைகளின் கல்வி மீது அக்கறை பொங்கும்.)

எகிப்தையும் சிந்து சமவெளியையும் ஒப்பிடுவதாகப் பாடம். கரும்பலகை போதாதென்று சிற்றாற்று மணலில் இரண்டு நாகரிகங்களையும் கட்டவைத்தேன். இடப்பக்கம் இடுப்புயரப் பிரமிடு. வலப்பக்கம் செங்கல் துண்டுகளால் மொகஞ்சதாரோ, நேரான தெருக்கள், வீட்டுக்கு வீடு சாக்கடை. நடுவே இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி.

ஒரு நாடு தன் உழைப்பையெல்லாம் செத்துப்போன ராஜாவின் வீட்டுக்குக் கொட்டியது, இன்னொன்று உயிரோடிருப்பவர்கள் குளிக்கிற அறைக்குக் கொட்டியது என்றேன். அதை இன்றும் நம்புகிறேன். அடுத்து வெள்ளத்துக்கு வந்தேன். வானத்தில் ஒரு நட்சத்திரம் உதிப்பதை வைத்தே நைல்காரர்கள் வெள்ளம் வரும் காலத்தைச் சொல்லிவிடுவார்கள் என்றதும் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சற்றுத் தள்ளித் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக மூட்டை கட்டிக் கரையேறினார்கள். இன்ஸ்பெக்டருக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவர்களில் ஒரு பெண் மட்டும் நின்று கூப்பிட்டாள்.

"வாத்தியாரய்யா, மலை கறுத்திருக்கு. பிள்ளைகள மேல ஏத்துங்க."

பாடம் நடக்கும்போது பேசக்கூடாது என்று சைகை காட்டினேன். தலைக்கு மேல் வெயில் அடித்தது. மலைப்பக்கம் நான் திரும்பவே இல்லை.

தண்ணீர் முதலில் மொகஞ்சதாரோவின் சாக்கடை வழியாகத்தான் வந்தது, ஒரு வீடு விடாமல். பிரமிடு சிறிது நேரம் நின்றது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கரைக்கு ஓடினார்கள். ஒருவன் குறைந்திருந்தாலும் என் கதை வேறாகியிருக்கும். இன்ஸ்பெக்டர் முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தார். அவருடைய ஒரு செருப்பு நாற்காலியோடு கிழக்கே போய்விட்டது.

வெள்ளம் வருவது எப்படித் தெரிந்தது என்று அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"மேல மழ பெஞ்சா இங்கன தண்ணி வரும்லா? பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீர் எந்த ஊர்?"

"இதே ஊருதான் சார்," என்றேன்.

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அதைவிட, அவள் சொன்னபோது திரும்பிக்கூடப் பார்க்காததுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றுமுதல் நான் எந்த விஷயத்தைப் பற்றியும் நீட்டி முழக்க ஆரம்பித்தால், சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே அவள் கேட்பாள்:

"அதெல்லாம் சரி, மலையப் பாத்தியளா?"

நானும் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.