பருப்புக் கப்பலில் நோர்வே அண்ணை

இந்த உலகத்தில் இதுவரை பிறந்தவர்களுக்குள் மிகப் பெரிய பயந்தாங்கொள்ளி யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: நோர்வே அண்ணை. இனிப் பிறக்கப் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மொன்ட்ரியால் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில், எங்களுக்கு நேர் மேல் வீட்டில், அவரும் மனைவி யோகமக்காவும் பல வருடம் குடியிருந்தார்கள்.

நோர்வே அண்ணை நோர்வேயைக் கண்ணால் கண்டதில்லை. நோர்வேக்காரரின் சரக்குக் கப்பல் ஒன்றில் அவர் சமையல்காரர், அவ்வளவுதான். கப்பலின் சொந்தக்காரர் நோர்வே, கொடி நோர்வே, கப்டன் நோர்வே. மாலுமிகள் எல்லோரும் பிலிப்பைன்ஸ். அடுப்படி மட்டும் யாழ்ப்பாணம். இது தெரியாத ஆட்கள், ஒஸ்லோவில் எங்கள் சின்னம்மாவின் மகன் இருக்கிறான், கண்டிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் கோபிப்பார்களோ என்ற பயத்தில் அண்ணை, "கண்டமாதிரித்தான் கிடக்கு" என்பார். அதை நம்பி ஒரு குடும்பம் அந்த மகனுக்கென்று ஒரு பை மிக்சர் கொடுத்துவிட்டது. அண்ணை அதை மத்தியதரைக் கடல்வரை கொண்டுபோய், ஒரு துண்டும் வாயில் போடப் பயந்து, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

பார்க் மெட்ரோவில் ரயில் வந்து நின்று, கதவு திறந்து, இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கி முடியும்வரை முதுகைச் சுவரில் ஒட்டியபடி நிற்பார். அதற்குள் கதவு மூடிவிடும். அடுத்த ரயிலுக்கும் அதே கதை. பால்கனிக்கு அணில் வந்தால் உள்ளே ஓடிக் கதவைப் பூட்டிவிட்டு, கீழ் வீட்டிலிருக்கும் எங்களுக்குப் போன் எடுத்து, அது போய்விட்டதா என்று விசாரிப்பார். வெளியே புறப்பட்டால் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பார். படி இறங்குவார். திரும்ப ஏறிப் பார்ப்பார். கடைசியில் எங்கள் கதவைத் தட்டி, "பிள்ளை, உங்கடை அடுப்பு நூத்தாச்சோ?" என்று கேட்ட பிறகுதான் தெருவுக்குப் போவார்.

இப்படிப்பட்ட மனுசன் எப்படிக் கடலுக்குப் போகிறார் என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். அண்ணைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கடலில் மெட்ரோ இல்லை, அணில் இல்லை, வழுக்குகிற இரும்புப் படிக்கட்டு இல்லை. அங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு கடலுக்கும் சண்டை வந்தது.

அந்தக் கப்பலின் பெயர் எங்கள் ஒருவருடைய வாயிலும் நுழையாது. நாங்கள் பருப்புக் கப்பல் என்போம். மொன்ட்ரியால் துறைமுகத்தில் கனடாப் பருப்பையும் கோதுமையையும் ஏற்றிக்கொண்டு சூயெஸ் கால்வாய் வழியாகச் செங்கடலுக்குப் போகும். அங்கே பஞ்சம்பட்ட ஒரு நாட்டுக்குக் கோதுமையை இறக்கிவிட்டு, பருப்போடு கொழும்புக்குப் போகும். கொழும்பில் அந்தப் பருப்பைப் பொதிசெய்து, மேலே கோயில் கோபுரப் படம் ஒட்டி, அசல் ஊர்ப் பருப்பு என்று எங்கள் தெருக் கடைக்கே அனுப்பிவைப்பார்கள் என்பது என் கணவரின் நீண்டநாள் சந்தேகம்.

செங்கடலில் போகிற கப்பல்களுக்கு ட்ரோனும் ஏவுகணையும் அடிக்கத் தொடங்கியபோது, பெரிய கம்பனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. கோதுமை இறங்க வேண்டிய துறைமுகம் செங்கடல் ஓரத்திலேயே இருந்ததால் பருப்புக் கப்பலுக்குச் சுற்றுகிற வழி இருக்கவில்லை. போய்த்தான் ஆகவேண்டும்.

சண்டைக்குள் போன முதல் பயணத்தில் எதுவும் கப்பலில் படவில்லை. தூரத்தில் எதையோ எதுவோ சுட்டு விழுத்தியது. சத்தம் மட்டும் வந்தது. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் கப்பலின் நடுவயிற்றில் இருக்கும் ஜன்னலில்லாத அறைக்குள் ஓட வேண்டும் என்பது கட்டளை. அண்ணைதான் முதலில் ஓடியிருக்கிறார். ஆனால் ஒன்று போதாது என்று இரண்டு உயிர்காப்பு அங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருந்ததால் அறை வாசலில் இறுகிவிட்டார். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது. மற்றவர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால். மேட், அதாவது கப்டனுக்கு அடுத்த அதிகாரி, தோளைக் கொடுத்துத் தள்ளித்தான் அவரை உள்ளே விழுத்தினார். திரும்பி வந்து எங்கள் குசினியில் இருந்து இதைச் சொல்லும்போது அண்ணை சிரிக்கவில்லை. அந்த அறைக்குள் இருந்த நேரத்தில் தன் பல்லுகள் அடித்த சத்தத்தைப் பக்கத்திலிருந்தவர் ட்ரோன் என்று நினைத்துக் கும்பிட்டார் என்றார். நாங்கள்தான் சிரித்தோம்.

மற்ற ஆண்கள் கடல்கதை சொன்னால் வீரம் வரும். இவர் கதையில் பயம் மட்டும்தான் வரும். ஆனால் அதை ஒரு துளி சிந்தாமல் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு எழும்பிப் போகும்போது அவருக்குப் பாரம் குறைந்திருக்கும், எங்களுக்குக் கூடியிருக்கும்.

இப்படியான கடலுக்குள் போக விருப்பமில்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லி இறங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருப்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. கால்வாய்க்கு முன்னால் கப்டன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பாராம். முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விமானத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். யோகமக்கா சந்தோசத்தில் அழுதார். அடுத்த பயணத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒத்திகை வைத்தோம். என் கணவர் என் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கப்டனாகக் கதிரையில் இருந்தார். அண்ணை வந்து "நோ, கப்டன்" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை குரல் வரவில்லை. அடுத்த தடவை 'நோ' வரை வந்தது. என் கணவர் கொஞ்சம் உற்சாகமாகி மேசையில் ஒரு தட்டுத் தட்டிப் புருவத்தை உயர்த்தினார். அண்ணை நிமிர்ந்து நின்று, "யெஸ், கப்டன்" என்றார்.

கப்பலிலும் அதுதான் நடந்தது. கப்டன் தலையை நிமிர்த்திப் பார்த்ததும் இவர் யெஸ் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு மீனா இறைச்சியா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பயணமும் எப்படியோ முடிந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். ஏவுகணையைவிடவா அந்த ஆளுக்குப் பயம் என்றேன். அண்ணை நிதானமாக விளங்கப்படுத்தினார்.

"ஏவுகணை சில நேரம் வரும், சில நேரம் வராது பிள்ளை. கப்டனுக்கு முன்னாலை போய் நிண்டா அவர் கட்டாயம் பாப்பார்."

அதற்கடுத்த பயணத்தில்தான் அது நடந்தது.

அப்போது எங்கள் கட்டடத்தில் எல்லோருடைய போனிலும் உலகக் கப்பல்களைக் காட்டும் ஒரு வரைபடம் இருந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர், எதிர்வீட்டில் தனியாக இருந்த கிரேக்கக் கிழவர், எல்லோரும் பருப்புக் கப்பலின் பச்சைப் புள்ளியைப் பார்ப்போம். படிக்கட்டில் கண்டால் பொன்ஜூர் என்ற வணக்கத்துக்குப் பதிலாகப் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொல்லிக்கொள்வோம். ஆபத்தான இடம் வந்தால் எதிரிக்குத் தெரியாமலிருக்கக் கப்பல் தன் அடையாளக் கருவியை நிறுத்திவிடும். புள்ளி மறைந்துவிடும். மறைந்தது. அது திரும்பத் தோன்றவேண்டிய நேரம் வந்தது. தோன்றவில்லை.

நோர்வேக் கப்பல் ஒன்று செங்கடலில் எரிகிறது என்று செய்தியில் போட்டார்கள். பெயர் சொல்லவில்லை. யோகமக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலே கத்தியை எடுத்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த வெங்காயம் முழுவதும் முடிந்தது. நான் உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தேன். மேல் வீட்டில் ஆள் நடக்கிற சத்தம் கேட்கிறதா என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை அக்காவின் போன் அடித்தது. நோர்வே இலக்கம். யோகமக்கா அதைக் கையில் எடுக்காமல் எனக்குத் தள்ளிவிட்டார். கம்பனிப் பெண் ஒருத்தி மரியாதையான ஆங்கிலத்தில் நான் யார் என்று கேட்டாள். அயல்வீடு என்றேன். மனைவியிடம் மட்டும்தான் சொல்லலாம் என்றாள். போனை அக்காவின் காதில் வைத்தேன். அவர் பயத்தில், அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றுகொண்டே சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் வழுகி இருந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. போனைப் பறித்து, நான் அவருடைய தங்கச்சி என்று பொய் சொன்னேன். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். கப்டனுக்குத்தான் காயம். சமையல்காரருக்கு ஒன்றுமில்லை, குரல் மட்டும் போய்விட்டது. ஏன் போனது என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை.

விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது பாதி ஆளாக இருந்தார். யோகமக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ, அவர் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. குரல் திரும்பி வந்து, ஒருநாள் பின்னேரம் எங்கள் குசினியில் இருந்துதான் நடந்ததைச் சொன்னார்.

ட்ரோன் கப்பலின் மேல்தட்டில், கப்டன் நின்ற அறைக்குப் பக்கத்தில் அடித்திருக்கிறது. கரண்ட் நின்று, எல்லாம் இருட்டு, புகை. ஜன்னலில்லாத அறையில் மேட் தலைகளை எண்ணியபோது கப்டன் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் அண்ணைக்கு ஒரு நினைவு வந்தது: அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, அணைத்தேனோ? ஒருவரும் தடுக்கமுன் வெளியே ஓடிவிட்டார். அடுப்படிக்குப் போகும் ஏணிப்படியில் கால் எதிலோ தடுக்கியது. கப்டன். கால் எலும்பு முறிந்து கிடந்தார். மலை மாதிரி ஆள். இவரால் அசைக்கவும் முடியவில்லை. கப்டன் இவரைக் கண்டதும், உடனே கீழே போ என்று கட்டளை போட்டார்.

அண்ணை எங்களைப் பார்த்தார். "நோ, கப்டன் எண்டனான்," என்றார்.

கப்டன் திரும்பவும் கத்தினாராம். இவரும் திரும்ப அதையே சொன்னாராம். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு, எங்கிருந்து அண்ணை உங்களுக்கு அந்தத் துணிவு வந்தது என்றார்.

"துணிவோ? அந்த இருட்டுக்குள்ளை தனியத் திரும்பிப் போகப் பயம், தம்பி."

ஆகவே கப்டனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிலேயே இருந்து அலறத் தொடங்கியிருக்கிறார். அம்மா என்றும் பிள்ளையாரே என்றும் தொண்டை கிழியும்வரை. புகைக்குள் மேட்டும் மற்றவர்களும் வழி கண்டுபிடித்து வந்தது அந்த அலறலை வைத்துத்தான். இருவரையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகும் அவர் அலறல் நிற்கவில்லை. குரல் முடிந்ததும்தான் நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் அப்போதும் சும்மா இராமல், அது கரண்டில் எரிகிற அடுப்பல்லவா, கரண்ட் நின்றால் அடுப்பும் நின்றிருக்குமே என்றார்.

"ஓம்," என்றார் அண்ணை, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. "அதைப் பிறகுதான் யோசிச்சனான்."

யோகமக்கா என் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு அண்ணை கப்பலுக்குப் போகவில்லை. நாங்கள் சந்தோசப்பட்டோம். ஆனால் அந்த மனுசன் தன் பயங்களைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அணில் வந்தாலும் போன் வராது. பயந்துகொண்டு சத்தம் போட்ட நோர்வே அண்ணையை எங்களுக்குத் தெரியும். பயந்துகொண்டு பேசாமலிருக்கிற இந்த ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் முதல் பெரிய பனி விழுந்தது. தெருவில் பனி அள்ள வருமுன் மாநகரசபை செம்மஞ்சள் பலகைகளை வைக்கும். அந்த நேரத்துக்குள் கார்களை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் இழுவை வண்டி முன்னால் வந்து சைரன் ஊதும். ஏறி இறங்கி ஊளையிடுகிற சைரன். எங்கள் தெருவோ சோம்பேறித் தெரு. சைரன் கேட்ட பிறகுதான் சாவி தேடுவோம். என் கணவர்தான் அதற்குத் தலைவர்.

சைரன் ஊதியதும் மேல் வீட்டிலிருந்து யோகமக்கா என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஓடிப் போனேன். அண்ணை குளியலறையில், ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையில், இரண்டு குளிர்க் கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு தரையில் இருந்தார். என் கையைப் பிடித்தார். பிடித்த இடம் கன்றிப்போனது.

"கப்டன் வந்திட்டாரோ?"

"வந்திட்டார் அண்ணை," என்றேன். வேறென்ன சொல்ல.

அன்று படியிறங்கி வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் வெளியே போய்ப் பஞ்சாபிக்காரரின் கதவைத் தட்டினார். இருவருமாக எதிர்வீட்டுக் கிரேக்கரிடம் போனார்கள். அரைகுறை பிரெஞ்சிலும் கைப் பாசையிலும் தெரு முழுக்க விசயம் போனது.

அடுத்த தடவை பலகை வைத்த கையோடு தெரு காலியானது. கிரேக்கக் கிழவர் தன் படகு மாதிரியான பழைய காரைத் தானே மண்வெட்டியால் கிளறி எடுத்துக்கொண்டு போனார். வராத ஒருவனின் காரை நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். இழுவை வண்டி வந்தது, நிற்கிற கார் ஒன்றுமில்லை, ஊதாமலே போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும், அதற்கடுத்த குளிர்காலமும் எங்கள் தெருவில் சைரன் கேட்கவில்லை. மெல்ல மெல்ல அண்ணை சத்தமாகப் பயப்படத் தொடங்கினார். அணிலுக்குப் போன் வந்த அன்று நான் யோகமக்காவுக்குக் கேசரி செய்து அனுப்பினேன். இந்த மாநகரசபை நல்லாத் திருந்திவிட்டது, முந்தி எப்படி ஊளையிடும் என்று அண்ணை எங்களிடம் சொல்வார். ஓம் அண்ணை என்போம்.

இப்போது அவர்கள் நகரின் மேற்குக் கோடியில், பியர்பொன்ட்ஸில், மகளோடு இருக்கிறார்கள். மேல் வீட்டில் புதிதாக ஒரு இளம் தம்பதி. நல்ல பிள்ளைகள், ஒன்றுக்கும் பயமில்லை. போன கிழமை பனி விழுந்தது. செம்மஞ்சள் பலகையை வைத்துவிட்டு மாநகரசபை ஆள் தெருமுனைகூடத் திரும்பவில்லை, அதற்குள் என் கணவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எதிரே கிரேக்கக் கிழவர் ஏற்கெனவே மண்வெட்டியோடு நின்றார். இனி எதற்கு என்று அவர்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.