அஞ்சு மணிப் பொண்ணு

மணி ஐந்து அடிப்பதற்கும் புதுப்பெண் பையைத் தோளில் மாட்டுவதற்கும் சரியாக இருந்தது. மேலாளர் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எங்கம்மா கிளம்பிட்டே?”

“வீட்டுக்கு சார்.”

“ஏதாவது விசேஷமா?”

“இல்லையே. அஞ்சு மணி ஆச்சு.”

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவர் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறார். ஏழரைக்கு முன்னால் ஒருநாளும் எழுந்ததில்லை. காரணம், எதிரே இருந்த முதலாளி அறை. மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஏழரைக்கு மேலாளர் கிளம்பும்போதும் எரியும். ‘மனுஷன் எப்படி உழைக்கிறார்!’ என்று வெட்கத்தோடு படியிறங்குவார்.

வெள்ளிக்கிழமை பொது மேலாளர் பதவி யாருக்கென்று முதலாளி சொல்லப்போகிறார். இந்த நேரம் பார்த்துப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால்?

செவ்வாயன்று நாலு ஐம்பத்தைந்துக்குக் கூட்டம் போட்டார்.

“பேச வேண்டியது மூணு விஷயம்தானே சார்?” என்றாள் புதுப்பெண். மூன்றையும் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். கூட்டம் என்பது முடியக்கூடிய ஒன்று என்பதே மற்றவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

புதனன்று இருநூறு புகார்க் கடிதங்களை அவள் மேசையில் குவித்தார். “இன்னைக்கே பிரிச்சுக் குடுத்துடு.” ஏதோ குறுக்குவழியில் மூன்று மணிக்கே முடித்துவிட்டாள். நாலு மணிக்குள் அந்தக் குறுக்குவழியைப் பிரிவுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாள். ஐந்துக்கு நான்கு பைகள் தோளேறின.

வியாழனன்று கடைசி அஸ்திரமாகக் கணக்காளரைக் காட்டினார். “இவரைப் பாரு. இருபத்திரண்டு வருஷம். ஏழு மணிக்கு முன்னாடி அசைஞ்சதில்லை!”

அவள் உண்மையான அக்கறையோடு திரும்பினாள். “அண்ணா, அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“குறுக்கெழுத்து,” என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டார்.

பிரிவே வெறிச்சோடியது. மேலாளரும் அந்த விளக்கும் மட்டும் மிச்சம். வீட்டிலிருந்து மனைவி அழைத்தாள்.

“பக்கத்து வீட்டு அண்ணன்கூட அஞ்சரைக்கே வந்துட்டார். நீங்க?”

“முதலாளி உள்ளே இருக்கார், மெதுவாப் பேசு!”

இனிப் பொறுப்பதில்லை. பதவி இல்லை என்று நாளைக்கு முதலாளி வாயால் கேட்பதைவிட இன்றே காலில் விழுந்துவிடலாம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதன்முறையாக அந்தக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மெல்லத் திறந்தார்.

முதலாளியின் சுழல் நாற்காலியில், மின்விசிறிக்கடியில், கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார் துப்புரவு அக்கா.

“முதலாளி… எங்கேக்கா?”

“அவரு தினம் நாலு மணிக்கே பின்வாசல் வழியாப் போயிடுவாரே சார்! நீங்க கிளம்புற வரைக்கும் லைட்டை அணைக்காம பாத்துக்கறதுதான் என் வேலை; அந்தப் பொண்ணு வந்த முதல் நாளே கேட்டுச்சு, சொன்னேன், நீங்கதான் பதினெட்டு வருஷமாக் கேக்கவே இல்லை!”